தனிவழி செல்வோர்

சென்ற கோடையில் நம் பேரன், தான் பணிபுரிந்த தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்து, பல நாட்கள் எவருடனும் பேசாதிருந்தான். ஒரு மாலை நம் அருகில் வந்தமர்ந்து, "பாட்டி, இமயமலைக்குத் தனியே போய் ஒரு மாதம் நடக்கப் போகிறேன். நான் யாரென்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகையிலும் இரைச்சலிலும் வளர்ந்த பிள்ளை காட்டை விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் நம் நெஞ்சம் அஞ்சியது. தடுப்பதா, விடுப்பதா? தனிமை ஒருவனுக்குத் தன்னைக் காட்டுமா?

நம் சமயம் தனிமையின் பெருமையை அறியாததன்று. பகவான் மகாவீரர் 30ஆம் வயதில் துறவு பூண்டு, 12 ஆண்டுகள் காடும் மேடும் விகாரம் செய்து, பசியும் பனியும் வெயிலும் பொறுத்து, 42ஆம் வயதில் கேவலஞானம் எய்தினார். பன்னிரு அநுப்பிரேட்சைகளுள் ஏகத்துவமும் ஒன்று. உயிர் பிறப்பதும் இறப்பதும் வினைப்பயன் நுகர்வதும் தனித்தே என்று சிந்தித்தல் அது. எனினும், முனிவர் ஒழுக்கம் கூறும் மூலாசாரம் தனித்துத் திரிதலை எல்லா முனிவர்க்கும் விதிக்கவில்லை. தவமும் கல்வியும் மனவலிமையும் உடலுறுதியும் நிறைந்தவர்க்கே அதனை அனுமதிக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதும் இதுவே: எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்க.

இக்கால நிகழ்ச்சி ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2012-13இல் பாய்மரப் படகில் எங்கும் நில்லாது தன்னந்தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2018இல் அத்தகையதொரு போட்டியின்போது தென் இந்தியப் பெருங்கடலில் புயல் தாக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய இயலாது கிடந்தார். மூன்று நாட்களுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அதே புயலில் தம் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மெக்கக்கின், அவரைக் காக்க அத்திசை நோக்கியே படகைச் செலுத்தினார். டோமி 2022இல் அப்போட்டிக்குத் திரும்பி, 236 நாட்கள் பயணம் செய்து, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பெற்றார்.

கடல் அவருக்குத் துணிவைக் கொடுக்கவில்லை. அவர் கொண்டு சென்ற துணிவைக் காட்டியது. காடும் அவ்வாறே. மனத்தில் சினத்தைச் சுமந்து செல்வோர்க்குச் சினத்தையே காட்டும். மற்றொன்று, தனித்துச் சென்றவரையும் பிறரே காத்தனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவன என்று தத்துவார்த்த சூத்திரம் உரைப்பது ஏகத்துவத்திற்கு முரணன்று. வினையைச் சுமப்பவர் நாமே. வழியில் கை கொடுப்போர் பிறர்.

பேரனிடம் சொன்னோம்: "நம்மூர் ரயில் நிலையத்தில் மூட்டையுடன் இறங்கும் பீகார், ஒடிசா இளைஞர்களைப் பார்த்திருக்கிறாய். மொழியறியா ஊரில் அவர்களும் தனிவழி செல்வோரே. தம்மை அறிய அவர்கள் வரவில்லை, பிழைக்க வந்தனர். ஆயினும் தம் வலிமையை இங்கே அறிந்தனர். நீ முதலில் புழல் ஆதிநாதர் ஆலயம் வரை தனியே நடந்து போய் வா."

அவன் சிரித்தான். ஆயினும் மறுவாரம் விடியுமுன் புறப்பட்டு, 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஆதிநாதரைத் தரிசித்து, காலில் கொப்புளங்களுடன் பேருந்தில் திரும்பினான். பொழுது சாயுமுன் உணவருந்த அமர்ந்தபோது, வேலை போனதைப் பற்றித் தன் தந்தையிடம் முதன்முறையாகப் பேசினான்.

இமயத்திற்கு அவன் இன்னும் செல்லவில்லை. சென்றால் தடுக்கமாட்டோம். செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் சொல்லிச் செல்க என்பதொன்றே நம் நிபந்தனை.