வராத துருவுக்கு யார் காரணம்?

அமெரிக்காவின் மிச்சிகனில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவருக்குப் பனியைவிட உப்புதான் பெரிய எதிரி. பனிக்காலத்தில் வண்டிகள் வழுக்காமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். ஆளைக் காப்பாற்றும் அந்த உப்பே இரும்பைத் தின்கிறது.

அதனால் முதல் பனி விழுவதற்கு முன்பே மனிதர் டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுக்கிறார். சேற்றைக் கழுவி, கதவடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளின் அடைப்பை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சேஸிஸ் முழுக்க எண்ணெயோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினோ அடிக்கிறார். ஈரத்தோடு பெயின்ட் அடித்து மூடினால் துரு உள்ளேயே வளரும்.

சங்கடம் என்னவென்றால், பனி போனதும் இத்தனை உழைப்புக்கும் அடையாளமே இருக்காது. துரு வரலை, அவ்வளவுதான். 'வெட்டிச் செலவு' என்று யாராவது சொன்னால் மறுத்து நிரூபிக்க முடியாது. நான் படித்த பி.காமில், வராத நஷ்டத்தை எழுதப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

கணக்கில் ஏறாததால் அது நல்ல காரியம் இல்லை என்றாகிவிடுமா? தீயை அணைத்தவருக்கு மாலை போடுகிறோம். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும், ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் இருப்பார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிலிருந்து காப்பாற்றினவரையும் கொஞ்சம் நினைக்கலாமே!