பிரிஸுக்கு அது எப்போது தெரிந்தது?

ஐசக் அசிமோவின் ‘பில்லியர்ட் பந்து’ என்ற சிறுகதை, அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான ‘இஃப்’பில் 1967 மார்ச்சில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவருடைய மர்மக் கதைத் தொகுப்பிலும் இடம்பெற்றது. செத்தவர் யார், எதனால் செத்தார், பந்தை அடித்த கை யாருடையது என்பதெல்லாம் கதையில் வெளிப்படை. அடித்தவரின் மனத்தில் அந்தக் கணத்தில் என்ன இருந்தது என்பது ஒன்றுதான் கடைசிவரை பிடிபடுவதில்லை.

அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒன்றாகப் போகா என்பது இதழாசிரியர் ஜான் கேம்பலின் கருத்து. கதாசிரியர் இடையில் புதிதாக ஒரு கருவியைக் கற்பித்து முடிச்சை அவிழ்த்துவிட்டால் வாசகர் ஏமாந்து போவார் அல்லவா? அசிமோவ் இதை மறுத்தார். கற்பனை உலகின் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, தடயங்களையும் மறைக்காமல் வைத்தால் ஆட்டம் நேர்மையாகவே நடக்கும் என்றார். 1953இல் தொடராக வந்த ‘எஃகுக் குகைகள்’ நாவலில் அதை நடத்தியும் காட்டினார். ‘பில்லியர்ட் பந்து’ அதே நேர்மையோடு எழுதப்பட்டு, நாவல் தொடாத ஓர் இடத்துக்குப் போகிறது.

ஜேம்ஸ் பிரிஸ் கோட்பாட்டு இயற்பியலாளர். இரண்டு நோபல் பரிசு பெற்றவர். அவர் மிக மெதுவாகச் சிந்திப்பவர். சிறு கேள்விக்குக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் பதில் வரும். எட்வர்ட் புளூம் அவரோடு படித்து, பட்டம் பெறாமல் வெளியேறியவர். பிரிஸின் கோட்பாடுகளைக் கருவிகளாக்கிப் பெரும் செல்வம் சேர்த்தவர். ஒருவரிடம் புகழ், மற்றவரிடம் பணம். தன்னிடம் இல்லாதது எதிராளியிடம் இருக்கிறதே என்ற உறுத்தல் இருவருக்கும். இருவரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து பில்லியர்ட்ஸ் ஆடுகிறார்கள். ஆட்டத்தில் ஏறக்குறைய சமம்.

ஈர்ப்பு விசையை நீக்கும் கருவி நடைமுறையில் சாத்தியமில்லை என்பது பிரிஸின் கருத்து. புளூம் அதைச் செய்து முடித்துவிட்டு, பத்திரிகையாளர்களைக் கூட்டி, பில்லியர்ட் மேசையின் நடுவே ஈர்ப்பற்ற வெளியை உண்டாக்குகிறார். பந்தை அதற்குள் அடிக்கும்படி பிரிஸிடமே சொல்கிறார். ஊர் பார்க்க ஒருவருடைய தோல்விக்கு அவர் கையாலேயே முத்திரை குத்தவைக்கும் கொடுமை அது. கதையின் மற்ற எதைக் காட்டிலும் இந்த அழைப்புத்தான் மனத்தை அறுக்கிறது.

பிரிஸ் நிதானமாகக் குறிபார்த்து அடிக்கிறார். பந்து விளிம்புகளில் மோதித் திரும்பி அந்த வெளிக்குள் நுழைகிறது. மறுகணம் இடி போன்ற ஓசை. புளூமின் மார்பைத் துளைத்துக்கொண்டு பந்து போய்விட்டிருக்கிறது.

காரணத்தைப் பிரிஸே பின்னர் விளக்குகிறார். விண்கலத்தில் மிதப்பவருக்கு எடை தெரியாது, ஆனால் நிறை அப்படியே இருக்கும். ஈர்ப்பே இல்லாத வெளியில் நிறையும் இல்லை என்கிறது கதை. நிறையற்ற பொருள் ஒளியைப் போலவே ஒளியின் வேகத்தில் ஓடியாக வேண்டும். அந்த வெளி ஒளிர்ந்துகொண்டிருந்ததையும் அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே நுழைந்த காற்றின் மூலக்கூறுகள் அதே வேகத்தில் வெளியேறியதன் அடையாளம் அது. தடயம் கண்முன்னே இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான்.

கதையைச் சொல்லும் பத்திரிகையாளரின் ஐயம் இங்கே பிறக்கிறது. பிரிஸ் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வேகமாகச் சிந்தித்து, புளூம் நின்ற இடத்தைக் கணக்கிட்டு அடித்தாரா? அல்லது எல்லாம் தற்செயலா? மெதுவாகச் சிந்திப்பவர் என்ற பெயர்தான் பிரிஸுக்குச் சாட்சி. ஆனால் ஒருவர் நாற்பது ஆண்டுகள் எப்படி இருந்தார் என்பதைக் கொண்டு, நாற்பத்தோராம் ஆண்டின் ஒரு நொடியைச் சொல்லிவிட முடியுமா? பிறரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் மனிதர்கள் செய்வது இதைத்தான். இயல்பை வைத்துச் செயலை அளக்கிறார்கள். பிறகு செயலை வைத்து இயல்பைத் திருத்தி எழுதுகிறார்கள்.

பத்திரிகையாளரின் ஐயம் குறிபார்த்தலைச் சுற்றியே நிற்கிறது. ஆனால் திட்டத்துக்கும் தற்செயலுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. வாழ்க்கையில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. அந்த ஒளியைப் பார்த்ததும் ஏதோ தவறு என்று பிரிஸுக்குப் பட்டிருக்கலாம். என்ன தவறு என்பது தெளிவதற்குள் கை கோலை எடுத்திருக்கலாம். “பொறுங்கள், யோசிக்க வேண்டும்” என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். எப்போதும் அப்படிச் சொல்லிப் பழகியவர்தானே. அன்று அவர் அதைச் சொல்லவில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால், பிரிஸின் மந்தம் அவரைக் காப்பாற்றும் சாட்சியாக நிற்பதில்லை. தெளிவில்லாமல் எதையும் செய்யாத மனிதர் அன்றைக்கு மட்டும் தெளிவுக்குக் காத்திராமல் அடித்தார். அறிந்துகொள்ளாமல் இருக்க ஒரு மனம் எவ்வளவு தூரம் போகும், அப்படி அறியாமல் போனதற்கு அது எவ்வளவு பொறுப்பு? சட்டம் கொலைக்கு நோக்கத்தையோ தெரிந்தே செய்ததையோ கேட்கிறது. பாதி தெரிந்த நிலையை அளப்பது நீதிமன்றத்துக்கும் கடினம். அருகில் நின்று கவனித்த பத்திரிகையாளருக்கும் அது கைகூடவில்லை. பிரிஸுக்கே கூட அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பகையை ஆண்டுக்கணக்கில் மனத்தில் வைத்திருந்த ஒருவர், அந்த நொடியில் தன்னுள் எது முந்தியது என்று பின்னால் தேடினால், கிடைக்கும் விடை நினைவா, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானமா என்று பிரித்துப் பார்க்க அவரிடமும் கருவி கிடையாது.