மண்ணைக் கொத்துவது பாவமா?

மகத நாட்டில் ஏகநாளம் என்றொரு ஊர். விதைப்புக் காலம். காசி பாரத்துவாசர் என்ற அந்தணரின் நிலத்தில் ஐந்நூறு ஏர் ஓடிக்கொண்டிருந்தது. உழுத ஆட்களுக்கு அவர் சோறு பரிமாறும் நேரத்தில் புத்தர் பிச்சைக்கு வந்து நின்றார். பாரத்துவாசருக்குப் பொறுக்கவில்லை. நான் உழுது விதைத்துத்தான் சாப்பிடுகிறேன், நீரும் அப்படியே செய்யலாமே என்று கேட்டுவிட்டார். நம்பிக்கையை விதையாகவும் தவத்தை மழையாகவும் கொண்ட உழவு தம்முடையது என்று புத்தர் பதில் சொன்னதாகப் பௌத்த நூலான சுத்த நிபாதம் பதிந்துவைத்திருக்கிறது.

பதில் ஆழமானது. ஆனாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. புத்தர் மறுநாள் எந்த வாசலில் நின்றிருந்தாலும், கலத்தில் விழுந்த சோறு யாரோ ஒருவர் சேற்றில் இறங்கி விளைவித்ததுதான்.

துறவி ஏன் தானே விளைவித்துக்கொள்ளவில்லை? பௌத்தத் துறவி மண்ணைத் தோண்டக் கூடாது, பிறரைத் தோண்டச் சொல்லவும் கூடாது என்கிறது விநய பிடகம். செடிகொடிகளை வெட்டுவதும் குற்றம். இரும்பு முனை வைத்த கலப்பை நிலத்தையும் அதற்குள் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று மனு நூலும் உழவைப் பழித்தது. சமண நூல்கள் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களில் நிலத்தைப் பிளப்பதையும் சேர்த்தன. மண்வெட்டி பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் புரியும். ஒரு கொத்தில் மண்புழு இரண்டாகிறது. இன்னொரு கொத்தில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன.

ஆனால் துறவி கொத்தாமல் இருப்பதால் அந்தப் புழு பிழைத்துவிடுவதில்லை. உழவர் கொத்தும்போது சாகிறது. சோறு ஒருவருக்கும் பாவம் இன்னொருவருக்கும் போய்ச் சேர்கிறது. உழவர் வேலையை நிறுத்தினால் துறவிக்கும் வாழ்வில்லை என்று திருக்குறளின் 104ஆம் அதிகாரம் நினைவூட்டுவது இந்தக் கடனைத்தான்.

சமணர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் யசஸ்திலகம் எழுதிய சோமதேவ சூரி, மீனவரையும் உழவரையும் அருகருகே நிறுத்தினார். மீன் சிக்காத நாளிலும் வலை வீசுபவருக்குக் கொல்லும் எண்ணம் இருக்கிறது. ஏர் ஓட்டுபவரால் உயிர்கள் மடிந்தாலும் அவருக்கு அந்த எண்ணம் இல்லை என்பது அவர் வாதம். (பசியோடு கடலுக்குப் போகும் மீனவருக்கு இது நியாயமா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.) மக்களுக்கு உழவைக் கற்றுக்கொடுத்ததே முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர்தான் என்பதும் சமண மரபு. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. சிற்றுயிர் ஏதும் உணவில் விழுந்துவிடக் கூடாதென்று பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பும், விடிந்ததும் வயலுக்குப் போகும் வாழ்வும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன.

சீனத்தில் மாற்றம் இன்னும் துணிச்சலாக வந்தது. ஜப்பானில் ஜென் எனப்படும் சான் பௌத்தத்தின் ஆசான் பாய்சாங் 814இல் மறைந்தவர். மடத்தில் மூத்தவர், இளையவர் என்று பாராமல் எல்லோரும் சேர்ந்து வேலைக்கு இறங்கும் வழக்கம் அவர் பெயரோடுதான் நிலைத்தது. தள்ளாத வயதிலும் அவர் பாடுபடுவதைப் பார்க்கச் சகிக்காத சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தார்களாம். வேலை செய்யாத அன்று சாப்பிட மாட்டேன் என்று அவர் இருந்துவிட்டார். கருவிகள் திரும்பி வந்தன. பாரத்துவாசரின் கேள்விக்கு, ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, ஒரு பௌத்தத் துறவியே கையால் பதில் சொன்னார்.

1910இல் அதே கேள்வி தென்னாப்பிரிக்கத் தமிழரிடமும் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தைக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் காந்தியின் சத்தியாகிரகிகளுக்கு வாடகையில்லாமல் கொடுக்க, டால்ஸ்டாய் பண்ணை உருவானது. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழும் குஜராத்தியும் தெலுங்கும் இந்தியும் கேட்ட இடம் அது. இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி எல்லோரும் இருந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள். வேலைக்காரர் கிடையாது, சமையல் முதல் கழிவகற்றுவது வரை தங்கியவர்களே செய்தார்கள். உடல் உழைப்பில்லாமல் உண்பது தவறு என்ற எண்ணத்தை டால்ஸ்டாயிடமிருந்து பெற்ற காந்தி, கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்லும் வேள்வியிலும் அதையே கண்டார்.

அந்தப் பண்ணையில் பாம்புகள் அதிகம். ஒருநாள் காலன்பாக்கின் அறையிலேயே, விரட்டவோ பிடிக்கவோ வழியில்லாத இடத்தில் ஒரு பாம்பு கிடந்தது. கொல்லலாம் என்று காந்தி அனுமதித்தார். பாம்பை அஞ்சாமல் கையிலெடுக்கும் துணிவு தமக்கு வரவில்லை என்பதைத் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அகிம்சையைப் பற்றிய எத்தனையோ சொற்பொழிவுகளைவிட இந்த ஒப்புதல் கனமானது. நிலத்தில் இறங்காதவருக்கு இப்படி ஒரு கணம் வருவதே இல்லை.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கிரீன் கல்ச் பண்ணை 1972 முதல் ஜென் மையத்திடம் இருக்கிறது. தியானம் பழக வந்தவர்கள் அங்கே கீரைப் பாத்தியிலும் வேலை செய்கிறார்கள். 1990 புவி நாளன்று அவர்கள் ஒரு சடங்கு நடத்தினார்கள். தோட்டத்துச் செடிகளையும் உயிரினங்களையும் பெயர் சொல்லி அழைத்து, அவற்றுக்கு நேர்ந்த தீங்குக்காக மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

இதே உழைப்பு நம் தெருவிலும் நடக்கலாம். ஊர் கூடிப் போடும் தோட்டத்துக்கு நஞ்சில்லாத காய், மிச்சமாகும் காசு, அக்கம்பக்கத்துப் பழக்கம் என்று பல நன்மைகள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மை. அவற்றோடு, இத்தனை காலம் உழவர் ஒருவர் தோளிலேயே கிடந்த பாரத்தைச் சாப்பிடுபவர்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் இடம் அது. அந்த ஒன்றுக்காகவே அது அறச்செயல்.

ஆடிப்பட்டத்துக்கு உங்கள் தெருவில் யாராவது பாத்தி கட்டினால் ஒரு காலை நேரம் போய்க் கூட நில்லுங்கள். கொத்தும்போது மண்புழு வெளியே வந்தால், வெயில் ஏறுமுன் ஈர மண்ணுக்குள் விட்டு மூடிவிடுங்கள்.