நிலைக்கு வரும் தேர்

(பூதப்பாண்டி பூதலிங்கசுவாமி கோயில் தைத் திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நான் உள்ளே வரும்போது ஒரு தம்பி செல்போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "நான் பாலத்துக்கிட்ட நிக்கேன், எனக்குப் பொறத்தால கொண்டு விடு" என்கிறார். அவர் நின்றதோ கொடிமரத்தடியில். பாலத்துக்கிட்டே நின்றது அவருடைய கார். நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். எவனாவது கதவில் கோடு இழுத்துவிட்டுப் போனால், "என்மேல உரசிட்டாம்லா!" என்றுதான் வாயில் வருகிறது. உரசியது தகரத்தில். எரிகிறது நம் தோல்.

சைவ சித்தாந்தம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். உயிருக்குத் தனித்து நிற்கத் தெரியாது. எதையாவது பற்றிக்கொண்டுதான் நிற்கும், பற்றியதன் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். படிகத்தின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரிகிறதே, அதுபோல. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்த காலத்தில் கார் ஏது? ஆனாலும் கார் வாங்கினவன் மனசை அவர் அன்றைக்கே கண்டுவிட்டார்.

புதுக் கார் வீட்டுக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். தோவாளை மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கதவு 'டப்' என்று மூடும் சத்தத்தில் காது மயங்குகிறது. ஸ்டியரிங்கைத் தடவித் தடவிக் கைக்கு ஆசை தீரவில்லை. பெயிண்டில் தன் முகத்தைப் பார்த்துக் கண் சொக்குகிறது. சீட்டின் பாலிதீன் உறையை இரண்டு வருஷமானாலும் உரிக்க மனம் வராது. வாசனை போய்விடுமாம். ஐந்து புலனில் நாக்கு ஒன்றுதான் தப்பியது. அந்த வாசனை எது தெரியுமா? உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் பசையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிற மணம். கரைந்து போவதைத்தான் புதுசு என்று நெஞ்சு நிறைய இழுக்கிறோம்.

குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து விவசாயி ஒருவர், 2024 நவம்பரில் தம் பழைய வேகன்-ஆர் காரைத் தம் நிலத்திலேயே குழி தோண்டி அடக்கம் செய்தார். மாலை, மந்திரம், ஊர்வலம், ஆயிரம் பேருக்கு மேல் விருந்து. அந்த வண்டி வந்த பிறகுதான் குடும்பம் தலையெடுத்தது என்பது அவர் நம்பிக்கை. ஊரெல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றி அவ்வளவு பெரியதாக இருந்திருக்கிறது. அதைச் செலுத்த அவருக்குக் கிடைத்த முகம் அந்தக் கார்தான்.

என் முதல் கார் மாருதி 800. 1983இல் வந்த மாடல், 2014இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். என் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கொண்டுபோனது அந்த வண்டியில்தான். விற்ற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு பானெட்டில் கை வைத்தேன். எடுக்க முடியவில்லை. ஆறு மாசம் கழித்து நாகர்கோவில் ரோட்டில் அதே வண்டி எதிரே வந்தது. என்னையறியாமல் கையைத் தூக்கினேன். அது நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நான் பற்றிக்கொண்டிருந்தது அப்பாவை என்று.

கடோபநிஷதத்தில் உடம்பே தேர். புலன்கள் குதிரை, மனசு கடிவாளம், புத்தி சாரதி. ஆத்மா தேரில் ஏறி வருகிறவன். தேரை யாரும் பழிக்கவில்லை. ஏறி வருகிறவன் தன்னையே தேர் என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

நாளைக்கு நம் தேர் ஓடும். அந்த மரத்தின்மேல் நமக்கு ஆசை இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது யாருடைய வண்டி? வடம் பிடிக்கிறவனுடையதா, முட்டுக்கட்டை போடுகிறவனுடையதா? ஏறி வருகிறவர் பூதலிங்கர். தேரில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் ஊரே வருந்தும், ஒருவனும் "என்மேல உரசிட்டான்" என்று சண்டைக்குப் போகமாட்டான். வீதியைச் சுற்றிவிட்டு அது நிலைக்கு வரும். நாம் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உள்ளங்கைச் சிவப்பு ஒருநாள் இருக்கும்.

காரில் வருகிறவர்கள் தேரோடும் வீதிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வடத்தில் இடம் இருக்கிறது.