யாருக்கும் பயன்படாத ஒரு நாள்

வேலை நிமித்தமாக நான்கு நாள் ஆம்ஸ்டர்டாம் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை. ஐந்தாவதாக ஒரு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்றதும்தான் அம்மா கேட்டார்: “தனியா அங்க என்னடி பண்ணுவ?”

“படம் பாப்பேன். கால்வாய் ஓரமா நடப்பேன்.”

“அவ்வளவுதானா?”

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு என்று ஏதோ ஒன்றுக்காகத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறார். எதற்காகவும் இல்லாமல் போவது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நாளைத் திட்டமிட உட்கார்ந்தபோது அது தெரிந்தது. டிபன் பாக்ஸ், டியூஷன், மாமியாரின் மாத்திரை, கேஸ் புக்கிங் என்று இருபது வருடமாக மற்றவர்களின் நாட்களைப் பிசகில்லாமல் திட்டமிடுகிறவள் நான். எனக்கென்று ஒரு தாளை எடுத்து எழுதியதும் முதல் வரியில் வந்தது, யார் யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல். அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை ஆறு அருங்காட்சியகங்கள். ஒரு நாளை எடுத்துக்கொண்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பதற்றம்தான் அந்த ஆறு. கடைசியில் மூன்றே வரிகள் மிஞ்சின: காலையில் ஒரே ஒரு அருங்காட்சியகம், மதியம் ஒரு முற்றம், மாலையில் நடை.

இப்படி ஒரு நாளை நியாயப்படுத்தப் பெண்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, “இத்தனை வருஷம் உழைச்சிருக்கேன், எனக்கு இது கூடாதா?” மற்றொன்று, “நான் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வந்தாத்தான் வீட்டை நல்லா பாத்துக்க முடியும்.” இரண்டையுமே நான் சொல்லியிருக்கிறேன். முதல் பதிலில் ஓய்வு கூலியாகிறது. உழைக்க முடியாதவளுக்கு அது கிடையாது. இரண்டாவதில் அது மருந்தாகிறது. என்னைப் பழுது பார்த்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கான ஏற்பாடு. இரண்டிலும் அந்த நாள் என்னுடையதாக இல்லை. ஓர் ஆண் நண்பர்களோடு மலையேறப் போகும்போது, நல்ல தகப்பனாகத் திரும்பி வருவதற்காகப் போகிறேன் என்றா சொல்கிறான்?

ரெய்க்ஸ் அருங்காட்சியகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. ரெம்பிராண்டின் பிரம்மாண்டமான ‘இரவுக் காவல்’ படத்தின் முன்னால் கூட்டம் சேர்வதற்குள் வெர்மேரின் ‘பால் ஊற்றும் பெண்’ படத்திடம் போய் நின்றேன். அரை மீட்டர்கூட இல்லாத சின்னப் படம். மஞ்சள் மேல்சட்டை, நீல ஏப்ரன், ஜன்னல் வெளிச்சம், பாத்திரத்தில் விழும் மெல்லிய பால் தாரை. சுமார் 1660இல் வரைந்தது. அவள் நம்மைப் பார்ப்பதில்லை. பாலைப் பார்க்கிறாள்.

முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். முதல் பத்து நிமிடம் அழகு. அப்புறம் சுவரில் இருந்த ஆணிகள், உடைந்த ரொட்டித் துண்டுகள். அப்புறம் அவளுடைய கை. சட்டையைச் சுருட்டி விட்ட கையில் மேலே ஒரு நிறம், வெயிலும் வேலையும் பட்ட கீழ்ப்பகுதியில் வேறு நிறம். உலகமே வந்து தன் ஓய்வு நேரத்தில் பார்த்துப் போகும் இந்தப் பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெர்மேர் வாழ்ந்தது டெல்ஃப்ட் என்ற மற்றொரு கால்வாய் ஊரில். அவருடைய மனைவி கத்தரீனா பெற்ற பிள்ளைகள் பதினைந்து. நான்கு சிறு வயதிலேயே இறந்தன. மாமியார் மரியா தின்ஸின் வீட்டில்தான் குடும்பம் இருந்தது. தன்னேக்கெ என்ற பணிப்பெண் அந்த வீட்டில் இருந்தாள். படத்தில் இருப்பவள் அவளா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் பதினொரு பிள்ளைகள் வளர்ந்த ஒரு வீட்டில் அந்தப் படங்களின் அமைதி தானாக வந்திருக்காது. யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள், யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள்.

அதே அருங்காட்சியகத்தின் முதன்மைக் கூடத்தில் பெண்கள் வரைந்த படங்கள் முதன்முதலாக இடம்பெற்றது 2021 மார்ச் 8இல்தான். யூடித் லெய்ஸ்டர் அவர்களில் ஒருவர். அவருடைய படங்கள் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவையாகவே கருதப்பட்டு விற்கப்பட்டன. 1893இல்தான் அவருடைய கையெழுத்து அடையாளம் காணப்பட்டது. 1636இல் ஓர் ஓவியரை மணந்தார். அதற்குப்பின் அவர் வரைந்தவையாக இன்று தெரிபவை மிகக் குறைவு. இன்னொருவர் ராஹெல் ரௌஸ். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, எண்பது வயதைத் தாண்டியும் பூக்களை வரைந்துகொண்டிருந்தவர். “மனசிருந்தா முடியும், பாரு” என்று நமக்குக் காட்டுவதற்கு ஏற்ற உதாரணம். ஆனால் அவருடைய படங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளைத் தூக்க வேறு கைகளும் இருந்திருக்கும். அந்தக் கைகளுக்கு நாம் பெயர் கேட்பதில்லை.

மதியம் பெகைன்ஹோஃப் முற்றத்துக்குப் போனேன். கடைத்தெருச் சத்தத்திலிருந்து ஒரு சின்ன வாசல் வழியாக உள்ளே போனால் புல்வெளி, சுற்றிலும் குறுகிய உயரமான வீடுகள். பெகீன்கள் என்ற கத்தோலிக்கப் பெண்கள் இங்கே கன்னி மாடத்தின் ஆயுட்கால சபதம் எடுக்காமலே வாழ்ந்தார்கள். வேண்டுமானால் வெளியேறித் திருமணம் செய்துகொள்ளலாம். 1578இல் நகரம் புராட்டஸ்டண்டுகள் கைக்குப் போனபோது இவர்களுடைய தேவாலயம் பறிபோனது. வீடுகள் பறிபோகவில்லை, ஏனென்றால் அவை அந்தப் பெண்களின் சொந்தச் சொத்து. கடைசி பெகீன் 1971இல் இறந்தார். இன்றும் தனித்து வாழும் பெண்கள்தான் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். தனிமை ஒரு மனநிலை என்று நாம் கவிதையாகப் பேசுகிறோம். அந்த முற்றத்தில் அது பத்திரமும் சாவியுமாக இருந்தது.

மாலையில் கால்வாய் ஓரமாக நடந்தேன். நகரைச் சுற்றும் மூன்று பெரிய கால்வாய்களின் பெயர்களுக்குக் கனவான்கள், பேரரசர், இளவரசர் என்று பொருள். அவற்றைத் தோண்டத் தொடங்கிய 1613ஆம் ஆண்டில்தான் டச்சுக்காரர்கள் நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி போனது. பஞ்ச காலங்களில் மனிதர்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தாவியாவுக்குப் போனார்கள். தண்ணீரில் தலைகீழாக ஆடும் அந்த வீடுகளில் அந்த வணிகத்தின் லாபமும் இருக்கிறது. அதற்காக அவை அழகற்றுப் போய்விடவில்லை. ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியவில்லை.

பாலத்தில் நின்றிருந்தபோது எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவின் நினைப்பு வந்தது. நான் இங்கே நிற்கும் ஐந்து நாளும் அங்கே மாமியாருக்குக் கஞ்சி வைப்பது அவர்தான். போன மாதம் ஒரு நாள் வரமாட்டேன் என்று அவர் சொன்னபோது நான் கேட்டது ஞாபகம் வந்தது: “எதுக்குக்கா?” காய்ச்சல் என்றால் சரி. சாவு என்றால் சரி. திருவிழா என்றால்கூடச் சரி. அவர், “சும்மாதாம்மா” என்றார். நான் முகம் சுளித்தேன். என் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை நான் இன்னொரு பெண்ணிடம் கேட்டிருக்கிறேன், அதுவும் சம்பளம் கொடுக்கிறவளின் குரலில்.

இதனால் என் நாள் தவறாகிவிடுமா? இல்லை என்றே நினைக்கிறேன். நான் அந்த நாளைத் துறந்திருந்தால் அக்காவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இல்லாத பெண்கள் இரண்டு பேராக ஆகியிருப்போம், அவ்வளவுதான். காரணம் சொல்லாத ஓய்வு எனக்கு உரிமை என்றால் அது அவருக்கும் உரிமை. அவரிடம் காரணம் கேட்டுக்கொண்டே அதை நான் எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் உரிமை இல்லை, வசதி.

ஊருக்குத் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு விடுமுறை என்று அக்காவிடம் சொன்னேன். பெரிய காரியம் இல்லை. பல வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது. அவர் என்னை ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, “சம்பளத்துல புடிக்க மாட்டீங்கல்ல?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

முதல் ஞாயிறு போய்த் திங்கட்கிழமை அவர் வந்தார். நேற்று என்ன செய்தீர்கள் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.