ஆறு உயிர்! ஓர் இடம்!

வெண்திரையிலே வெண்பனி! கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மண்ணில்லை, மரமில்லை, மனை இல்லை. உடைந்து வீழ்ந்த வான்கப்பலிலிருந்து உயிர் தப்பிய இருவர், தென்துருவத்தின் அந்தப் பாழ்வெளியில் நிற்கின்றனர். ஒருவர் தலைவர், மற்றவர் அவருக்குத் துணைவர். துணைவரோ தலைவரின் மனைவியிடம் மனத்தைப் பறிகொடுத்தவர். அவளும் மணவிலக்குக் கேட்டுவிட்டாள். தலைவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் புறப்பட்டு வந்தார். விண்ணிலே இரைச்சல். மீட்பு விமானம் வந்திறங்குகிறது. ஆனால் அதிலே இடம் ஒன்றுதான்! ஏறுபவர் எவர்? எஞ்சுபவர் எவர்?

தலைவர் துணைவரை ஏற்றி அனுப்புகிறார். தாம் நிற்கிறார்.

இது 1929-ல் எட்வர்ட் ஸ்லோமன் இயக்கத்தில் அமெரிக்காவில் உருவான 'தி லாஸ்ட் செப்பலின்' என்னும் பேசும்படத்தின் உச்சகட்டம். படங்கள் பேசத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஒலியைப் பிடிக்கும் கருவிக்கு அஞ்சி நடிகர்கள் அசையாது நின்று பேசியதால், உரையாடல் சற்றே மரக்கட்டை போலிருக்கும், குற்றம் சொல்வதற்கில்லை. தலைவரும் பின்னர் காப்பாற்றப்படுகிறார். மனைவியின் மனமும் திரும்புகிறது. தியாகம் செய்தவனுக்கு உயிர் போகவில்லை, இல்லறமும் போகவில்லை. எவ்வளவு வசதியான தியாகம்!

இரண்டாண்டு கழித்து, 1931-ல், பிராங்க் காப்ரா 'டிரிஜிபிள்' என்றொரு படம் தந்தார். அதிலும் வான்கப்பல், அதிலும் தென்துருவம், அதிலும் இரு ஆடவர்க்கிடையே ஒருத்தி. பனியால் பார்வை மங்கிய கணவன், மனைவி எழுதிய கடிதத்தை நண்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். கடிதத்தில் இருப்பது பிரிவுச் செய்தி. நண்பனோ அன்பு ததும்பும் சொற்களைத் தானே புனைந்து படிக்கிறான். அமெரிக்கக் கடற்படையின் 'லாஸ் ஏஞ்சல்ஸ்' என்ற உண்மையான வான்கப்பலே இந்தப் படத்தில் நடித்தது. துருவம் மட்டும் கலிபோர்னியாவின் கொளுத்தும் வெயிலிலே கட்டப்பட்ட பொய்த் துருவம்! நடிகரின் மூச்சு, குளிரில் ஆவியாவதுபோல் தோன்றவேண்டுமென்று உறைந்த கரியமிலவாயுவைக் கூண்டிலிட்டு வாயில் அடக்கச் சொன்னதாகவும், கூண்டு தொல்லை தருகிறதென்று முதிய நடிகர் ஹோபர்ட் பாஸ்வொர்த் வெறுங்கட்டியையே வாயிலிட்டுப் பல்லையும் தாடை எலும்பையும் பறிகொடுத்ததாகவும் காப்ரா தம் வாழ்க்கை வரலாற்றிலே சொல்கிறார். பொய்ப்பனிக்காக மெய்யாகவே வெந்தவர் அவர்.

படத்தை விடுவோம். அந்த ஒற்றை இடத்தைப் பற்றியன்றோ பேச வந்தோம்! 'தி லாஸ்ட் செப்பலின்' வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பு, அதே காட்சி வடதுருவப் பனியில் உண்மையாகவே நடந்தது. இடம் ஒன்று, ஆட்கள் ஆறு பேர். தலைவர் ஏறினார்! உலகம் அவரைக் காறி உமிழ்ந்தது. திரையிலே தலைவர் ஏறாமல் நின்றதற்குக் காரணம், தரையிலே ஒரு தலைவர் ஏறியதுதான் என்று நான் கருதுகிறேன். வாழ்க்கை தந்த கசப்புக்குக் கலை தடவிய தேன் அது.

நடந்தது இது. உம்பர்த்தோ நோபிலே என்னும் இத்தாலியப் பொறியாளர், தாம் அமைத்த 'நோர்கே' வான்கப்பலில் 1926 மே திங்களில் ஆமுண்ட்செனுடன் வடதுருவத்தைக் கடந்தவர். 1928-ல் 'இத்தாலியா' என்ற இன்னொரு வான்கப்பலில், 15 பேரை உடனழைத்து மீண்டும் சென்றார். மே 24-ல் துருவத்தை அடைந்தனர். நாட்டுக்கொடியையும், போப்பாண்டவர் ஆசியுடன் அளித்த மரச்சிலுவையையும் பனிமீது இட்டனர். மறுநாள், திரும்பும் வழியில், கப்பல் பனியிலே மோதிச் சிதைந்தது. பத்துப் பேர் பனியில் வீசப்பட்டனர். ஒருவர் அங்கேயே மாண்டார். பாரம் குறைந்த வாயுக்கூடு, உள்ளேயிருந்த ஆறு பேருடன் மீண்டும் மேலெழுந்து மறைந்தது. அந்த ஆறு பேரில் ஒருவரான பொறியாளர் அர்துயினோ, தாம் சாவை நோக்கி மிதந்து செல்வதை அறிந்தும், கைக்கெட்டிய உணவுப் பொதிகளையும் கருவிகளையும் கீழிருந்தோர்க்குத் தள்ளிவிட்டபடியே போனார். அவர்களை எவரும் பின்னர்க் காணவில்லை.

சிலுவை துருவத்திலே கிடந்தது. கீழே கிடந்தவர்களைக் காத்தது எது? ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி! பியாஜி என்ற தந்தியாளர் அதைச் சீர்செய்து நாள்தோறும் தட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்கென நிறுத்தப்பட்டிருந்த இத்தாலியக் கப்பலின் செவிக்கு அது எட்டவில்லை. ஜூன் 3-ல் சோவியத் நாட்டின் சிற்றூரொன்றில், தானே செய்த கருவியை வைத்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்த ஷ்மித் என்னும் இளைஞனின் செவிக்கு எட்டிற்று. இதை எழுதும்போது எனக்குச் சிறு மகிழ்ச்சி ஏற்படுவதை மறைப்பானேன்!

ஜூன் 23. பகலவன் மறையாத துருவக் கோடையின் இரவு. சுவீடன் நாட்டு விமானி லுண்ட்போர்க், உதவியாளர் ஒருவருடன் வந்து பனித்திட்டில் இறங்கினார். சாயம் பூசிச் சிவப்பாக்கிய கூடாரத்திலே அப்போது ஆறு பேர் இருந்தனர். நோபிலேக்குக் காலும் கையும் முறிந்திருந்தன. செச்சியோனி என்ற இயந்திரப் பணியாளருக்கும் கால் முறிவு. நோபிலே வரிசையை முன்பே வகுத்து வைத்திருந்தார்: முதலில் செச்சியோனி, தம் பெயர் நான்காவது. விமானியோ மறுத்தார். தலைவரை முதலில் கொண்டுவரும்படிதான் தமக்கு ஆணை என்றார். செச்சியோனி உடற்பாரம் மிக்கவர், அவரை ஏற்றினால் உதவியாளரைப் பனியில் விட்டுச் செல்லவேண்டும் என்றார். காணாமற்போன மற்றவர்களைத் தேடுவதற்கு வழிகாட்ட நோபிலேயால்தான் முடியும், சில மணி நேரத்தில் திரும்பி வந்து எல்லோரையும் அழைத்துச் செல்வேன் என்றார். கூடாரத் தோழர்களும் போகச் சொன்னார்கள். நோபிலே ஏறினார். உடன் அவருடைய நாய்க்குட்டி திதீனாவும் ஏறிற்று. பத்திரிகைகள் நாயை மறந்தனவா? மறக்கவில்லை!

லுண்ட்போர்க் சொன்னபடி திரும்பினார், செச்சியோனியை ஏற்றிச் செல்லத் தனியாக வந்தார். இறங்கும்போது விமானம் கவிழ்ந்தது. மீட்க வந்தவரே அகப்பட்டுக்கொண்டார். அவரை ஜூலை 6-ல் தோழரொருவர் சிறு விமானத்தில் வந்து மீட்டுச் சென்றார். இத்தாலியர் பனியிலேயே கிடந்தனர்.

"தலைவன் முதலில் தப்பினான்!" இதுதான் உலகெங்கும் எழுந்த கூச்சல். கப்பலின் தலைவன் கடைசியில்தான் இறங்கவேண்டும் என்பது கடலோடிகளின் வழக்கம். அந்த வழக்கம் ஏன் பிறந்தது? கப்பலை அறிந்தவன் அவன். கடைசிப் பயணி இறங்கும்வரை அவனறிவு அங்கே தேவை. அவன் நிற்பதைக் கண்டால் மற்றவர்க்கு அச்சம் தணியும். நல்ல காரணங்கள்! ஆனால் 'இத்தாலியா'வில் இறங்குவதற்குக் கப்பலே இல்லை. நடக்கமுடியாத ஒரு மனிதன் பனித்திட்டின்மேல் படுத்துக்கொண்டு எந்தக் கப்பலைச் செலுத்துவது? காரணம் செத்த பிறகும் வழக்கம் மட்டும் உயிரோடிருந்து ஆளைக் கேட்கிறது. அதற்குத்தான் நம் நாட்டிலே சாத்திரம் என்று பெயர். எவன் முன்னே செல்வது, எவன் பின்னே நிற்பது என்று, தேவையைப் பாராமல் பிறப்பைப் பார்த்து வரிசை வகுத்த சட்டத்தை எதிர்த்து நிற்கிற நாம், மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக இன்னொரு வரிசையை வணங்கவேண்டுமா?

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கட்டுரை எனக்கு எளிதாக முடிந்திருக்கும். முடியவில்லை. என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்.

நோபிலே ஏறுவதற்குக் காட்டப்பட்ட காரணங்கள் அனைத்தும் அறிவுக்கு ஒத்தவை. ஆயினும், அவை அத்தனையும் வெதுவெதுப்பான படுக்கையை நோக்கியே இழுத்தன அல்லவா? அறிவு நீதிபதியாயிருப்பதும் உண்டு. ஆசைக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞராயிருப்பதும் உண்டு. இரண்டுக்கும் கறுப்பு அங்கி ஒன்றுதான்! பகுத்தறிவு பேசும் தோழர்கள், நான் உள்பட, வழக்கமொன்றை உடைக்கும்போது நமக்கு இலாபம் வருகிறதா நட்டம் வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுண்டா? தாலியும் சடங்கும் வேண்டாமென மேடையிலே முழங்கிவிட்டு, அவற்றால் வரும் சீரையும் செல்வத்தையும் மட்டும் வேண்டாமெனச் சொல்ல மறந்த வீரர்களை நாம் அறியோமா?

நோபிலேக்குச் சார்பாக இரண்டு சொல்லலாம். அவர் வகுத்த வரிசையில் அவர் நான்காமவர். வரிசையை மாற்றியவர் வேறொருவர். மேலும், போய்ச் செய்வதாக எண்ணிய பணியைச் செய்யவே அவரை விடவில்லை. இத்தாலியக் கப்பலிலே ஏறக்குறையக் காவலில் இருப்பவர்போல வைக்கப்பட்டார். இதற்குமேல் அவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தப் பனியிலேயே இன்னொரு விமானி இருந்தார். போரிஸ் சுக்னோவ்ஸ்கி! சோவியத் பனியுடைப்புக் கப்பல் 'கிராசின்'-லிருந்து ஜூலை 10-ல் பறந்தார். கூடாரத்தைவிட்டு நடந்துபோன மூவர் கூட்டத்தைக் கண்டுபிடித்தார். திரும்புகையில் மூடுபனி மறைக்க, விமானம் தரைதட்டி உடைந்தது. ஐவர் பனியிலே. கையிலிருந்த உணவோ சொற்பம். அவர் வானொலியில் கப்பலுக்குச் செய்தி அனுப்பினார்: முதலில் அவர்களை மீட்கச் செல்லுங்கள் என்று! இதிலே மரபு ஏதுமில்லை. விமானி கடைசியில்தான் மீட்கப்படவேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. நாங்கள் நலமாயிருக்கிறோம், அவர்கள் சாகக் கிடக்கிறார்கள், கப்பல் ஒன்றுதான் என்று எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல் அது. எண்ணத்தின் முடிவு தம் வயிற்றுக்கு எதிராகச் சென்றபோதும் கணக்கை அவர் திருத்தவில்லை. நோபிலேயின் தகுதிக்குச் சான்று தேட வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது, சுக்னோவ்ஸ்கிக்கு வேண்டியதில்லை.

அந்த மூவரின் கதையோ இன்னும் கசப்பு. சுவீடன் அறிஞர் மால்ம்கிரென், இத்தாலியர் சாப்பி, மரியானோ. தோள் அடிபட்டு நடக்கமாட்டாத மால்ம்கிரென், தம்மை விட்டுச் செல்லுமாறு வேண்டினார். தாயிடம் சேர்க்கும்படி திசைகாட்டியைக் கொடுத்தார். அவர்கள் விட்டுச் சென்றனர். 'கிராசின்' ஜூலை 12-ல் எஞ்சிய இருவரையும் கண்டபோது, மரியானோ குற்றுயிராய்க் கிடந்தார். சாப்பி அடுக்கடுக்காய் உடையணிந்து நின்றார். நரமாமிசம் தின்றார்கள் என்றுகூடப் பத்திரிகைகள் எழுதின. அதற்குச் சான்று ஏதுமில்லை. அந்தச் சந்தேகத்தின்மேல் இத்தாலிய அரசு கோபம் கொள்ளவில்லை என்று சொல்லமுடியாது. எனினும் அதன் முழுக் கோபமும் பாய்ந்தது நோபிலேமீதுதான். ஏன்?

இங்கேதான் மரபின் இன்னொரு முகம் தெரிகிறது. முசோலினியின் ஆட்சி அது. விமானத்துறையிலே அதிகாரம் செலுத்திய இத்தாலோ பல்போவுக்கு, வான்கப்பலும் பிடிக்காது, நோபிலேயும் பிடிக்காது. வெற்றி கிடைத்திருந்தால் அது ஆட்சியின் பெருமை. தோல்வி வந்ததால் அது ஒருவனின் சிறுமை! 1929-ல் விசாரணைக்குழு பழியை அவர் தலையிலே சுமத்தியது. அவர் பதவியைத் துறந்தார். சில ஆண்டுகள் சோவியத் நாட்டிலே வான்கப்பல் கட்டச் சென்றார். தலைவன் கடைசியில் இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை அரியணையில் அமர்ந்தவர்கள் எவ்வளவு ஆர்வத்தோடு எடுத்தாண்டார்கள் பாருங்கள்! அதே முசோலினி 1943-ல் கவிழ்ந்தபின், 1945 ஏப்ரலில், செர்மானியப் படைவீரனின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு எல்லையை நோக்கி ஓடுகையில் பிடிபட்டார். அவர் கப்பலில் எத்தனை கோடிப் பேர் எஞ்சியிருந்தனர்!

நோபிலேமீதிருந்த பழி 1945-ல் துடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978 வரை வாழ்ந்தார். 1969-ல் சோவியத் இயக்குநர் கலத்தோசோவ், 'சிவப்புக் கூடாரம்' என்ற படத்திலே அவரை முதியவராக்கி, இறந்தவர்களையெல்லாம் வரவழைத்து அவர்மீது வழக்கு நடத்தச் செய்தார். தம்மோடு பூசல் கொண்டிருந்தும், தம்மைத் தேடப் புறப்பட்டு, 1928 ஜூன் 18-ல் ஐந்து பேருடன் விமானத்தில் மறைந்துபோன ஆமுண்ட்செனும் அதிலே வருகிறார். விமானத்தில் ஏறும்போது மனத்தில் இருந்தது என்ன என்ற கேள்விக்கு, வெந்நீர்க் குளியல் என்று அந்தப் படத்தின் நோபிலே ஒப்புக்கொள்கிறார். அமெரிக்கப் படங்களின் தியாகத் தலைவர்களைவிட, வெந்நீரை நினைத்த இந்த மனிதரை நான் நம்புகிறேன்.

கூடாரத்திலே எஞ்சியிருந்த ஐவரையும் 'கிராசின்' அதே ஜூலை 12 மாலையில் ஏற்றிக்கொண்டது. வரிசையிலே முதற்பெயராக எழுதப்பட்டிருந்த செச்சியோனி, முறிந்த காலோடு அந்தப் பனியில் 48 நாள் காத்திருந்தார்.