தூசி எங்கே போச்சு?

காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் பையன், 20 வயசு இருக்கும், ஏர் ஃபில்டர் டப்பாவின் க்ளிப்புகளை விடுவித்து, மடிப்பு மடிப்பான காகித ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. மடிப்புக்கு நடுவே காய்ந்த வேப்பிலை ஒன்று.

''புதுசு போடவா சார், ஊதிப் போடவா?''

புதுசு 500 ரூபாய்க்குள்தான். ''ஊதியே போட்டுடேன்'' என்றேன்.

ஏர் ஃபில்டர் மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பெட்ரோல் சரியாக எரிய, அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ. அதாவது சுமார் 9,000 லிட்டர் காற்று. நீங்களும் நானும் ஒரு நாள் முழுக்க இழுக்கிற மூச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆளின் ஒரு நாள் மூச்சைக் கார் இழுத்துவிடுகிறது! அதில் வரும் மண்தூள் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

(அடைத்த ஃபில்டரால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது.)

பையன் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்தான். உள்பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும். மாற்றி ஊதினால் தூசி காகிதத்தில் இன்னும் ஆழமாக உட்காரும். அழுத்தம் கூடினால் காகிதமே கிழியும். அவனுக்குத் தொழில் தெரிந்திருந்தது. உஸ்ஸ்ஸ்... அவன் தலையைச் சுற்றி ஒரு புழுதி மேகம். நான் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியபடி நாலடி தள்ளிப் போனேன். அவன் கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டான். முடித்ததும் இருமினான்.

இத்தனை மாசம் இன்ஜினுக்குள் போகாமல் காப்பாற்றிய தூசி!

ஃபில்டர் எதையும் அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. அப்புறம் அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. 'மாஸ்க் போட்டிருக்கலாமே', 'முதலாளி வாங்கித் தரக் கூடாதா', 'கூலி கொடுக்கிறோமே' என்று மனசு வரிசையாக பதில் சொன்னது. எல்லாமே நியாயம்தான். ஆனால் அவன் கேட்டது ஒரு கேள்வி, பதில் சொன்னது நான். பில்லில் இருந்தது அவன் கைவேலைக்கான கூலி. நுரையீரலுக்கு அதில் வரி எதுவும் இல்லை. என் இன்ஜினுக்கு 500 ரூபாய் அதிகம் என்று பட்ட அந்த நிமிஷத்தில், அவன் நெஞ்சுக்கு நான் ஒரு விலை போட்டிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த சர்வீஸில் முதல் வேலையாக, ''ஃபில்டர் புதுசே போட்டுடு தம்பி'' என்றேன். போட்டான். பழசைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக பெஞ்ச் மேல் வைத்தான்.

''அது எதுக்கு?''

''இதே மாடல் இன்னொண்ணு நிக்குது சார். ஊதினா அதுக்கு ஆகும்.''